ஜூன் முதல் தேதி

நானும் அவரும் ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவோம். 1995 ஜூனில், சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனா இல்லாமல் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். "இந்தாங்க டீச்சர்" என்று பக்கத்திலிருந்து ஒரு பேனா நீண்டது. அன்றைக்குத் தொடங்கியது. அதன்பிறகு என் பிரசவம், அவர் தம்பி கல்யாணம், என் மாமியார் காரியம் என்று எத்தனையோ நடந்துவிட்டன. கூடப் பிறந்தவளிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்த "டீச்சர்" மட்டும் மாறவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர், எம்பேரு மட்டும் வேண்டாம்" என்றார். அதனால் இங்கேயும் அவர் டீச்சர்தான்.

அவர் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கம். நான் பாளையங்கோட்டை. காலையில் அவர் கிழக்கே பார்த்து வருவார், நான் மேற்கே பார்த்துப் போவேன், நடுவில் பள்ளிக்கூடம். அவர் அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்தார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலையும் தூளுமாக விடிய விடிய உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில், வெட்டிய இலையை அடுக்கிக் கொடுத்தபடியே பரீட்சைக்குப் படித்ததாக டீச்சர் சொல்வார். 1988இல் வேலை கிடைத்தது. இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து நிமிர்ந்தபோது அவர் கல்யாணத்துக்கான வயது தாண்டியிருந்தது. அதைப் பற்றி அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

2019இல் என் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்தது. மார்க்கண்டேயனுக்காக எமனையே சிவன் உதைத்த தலம் என்பதால், அறுபதுக்கும் எண்பதுக்கும் எல்லாரும் போகிற திருக்கடையூருக்குத்தான் நாங்களும் போனோம். வேனில் பதினாறு பேர். டீச்சரும் வந்தார். என் மாமியாரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது, கலச நீர் ஊற்றி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு மாற்றுத் துணி எடுத்து நீட்டியது, யார் யாருக்கு எவ்வளவு தட்சணை என்று எண்ணிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். திரும்பும்போது வேனின் கடைசி இருக்கையில், எங்கள் மாலைகள் வாடிவிடக் கூடாதென்று ஈரத்துணி போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போயிருந்தார். அதைப் பார்த்தபோது மனசில் ஏதோ தைத்தது. இவருக்கு அறுபது வரும்போது யார் செய்வார்கள்? திருக்கடையூர் தம்பதிகளுக்குத்தானே? நான் செய்வேன் என்று அங்கேயே, அந்த வேனிலேயே முடிவு செய்தேன்.

தொடக்கம் நல்ல எண்ணம்தான் என்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது. உண்மையும் அதுதான். அந்த எண்ணம் ஐந்து வருடத்தில் எங்கே போய் நின்றது என்பதைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

டீச்சரின் பணிப் பதிவேட்டில் பிறந்த தேதி 1.6.1964. அறுபது நிறைகிற மாதத்தின் கடைசி நாள் ஓய்வு என்பது விதி. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஆக, 2024 மே 31 வெள்ளிக்கிழமை ஓய்வு. மறுநாள் சனிக்கிழமை அறுபது. அவர் பிறந்த குரோதி வருடம், அறுபது வருடச் சுற்று முடிந்து அந்தச் சித்திரையில் திரும்பி வந்திருந்தது. எல்லாம் கூடி வருகிறது என்று பூரித்துப்போனேன்.

மார்ச் மாதமே அவர் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். பழைய டீச்சர்கள், இப்போதைய டீச்சர்கள், அவர் தம்பி குடும்பங்கள் என்று ஆள் சேர்த்தேன். முதல் வாரம் பேச்செல்லாம் டீச்சரைப் பற்றியே இருந்தது. யார் யாருக்கு என்ன உதவி செய்தார், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார் என்று ஆளாளுக்கு நினைவுகள் எழுதினார்கள். பிறகு எப்படியோ பேச்சு பலூனுக்குப் போய்விட்டது.

அந்த நாட்களில் தெரிந்தவர்களின் ஸ்டேட்டஸை எல்லாம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு ஹால் முழுக்க மேகம்போல் வெள்ளைப் பலூன் கட்டியிருந்தார்கள். இன்னொரு பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஓய்வு விழாவில் பெரிய திரையில் வீடியோ ஓட்டினார்கள். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு இரவில் படுத்தால் தூக்கம் வராது. நாம் செய்வது இதைவிடக் குறைவாக இருந்தால் டீச்சரைக் குறைவாக நினைத்த மாதிரி ஆகிவிடுமே என்று இருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு அடியில் இன்னொரு ஆசையும் இருந்தது. "இப்படி ஒரு சிநேகிதி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கணும்" என்று அந்த ஹாலில் நாலு பேராவது சொல்ல வேண்டும், அது என் காதில் விழ வேண்டும். இந்த ஆசையை அப்போது எனக்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஹோட்டலின் சின்ன ஹால், 18,000 ரூபாய். சாப்பாடு எழுபது பேருக்கு, தலைக்கு 350. மூன்று கிலோ கேக், 3,600. போட்டோவும் வீடியோவும் 12,000. பலூன், பூ, தங்க நிறத்தில் ஆளுயர 6 மற்றும் 0, மைக் பிடித்துப் பேச ஒரு பெண், எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 66,100. குழுவில் இருபத்திரண்டு பேரிடம் ஆளுக்கு 2,000 என்று போட்டேன். மிச்சம் 22,100ஐ என் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்தேன்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒருவர் குழுவில் எழுதினார்: "எதுக்கு இவ்வளவு செலவு? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவங்க வீட்டுக்கே போய்க் கூட்டாஞ்சோறு ஆக்கிச் சாப்பிட்டுப் பேசிட்டு வருவோமே." நான் யோசிக்கவே இல்லை. "அறுபது ஒரு தடவைதான் வரும். முடியாதவங்க ஒதுங்கிக்கலாம்" என்று பதில் போட்டேன். எல்லாரும் பார்க்கிற குழுவில். ஒரு மணி நேரத்தில் அவர் குழுவை விட்டு வெளியேறினார். இன்றுவரை எங்களுக்குள் வணக்கம் மட்டும்தான். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சிரிக்கிறார், ஆனால் பழையபடி பக்கத்தில் வந்து உட்காருவதில்லை.

நிர்வாகமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஓர் இளம் டீச்சரும் அந்தக் குழுவில் இருந்தார். மாதம் 8,000. அவரும் 2,000 கொடுத்தார். ஒரு நாள் மதியம், இரண்டு ஐந்நூறும் மீதி நூறும் இருநூறுமாக, மடித்துக் கைக்குட்டையில் சுற்றி. நான் எண்ணிப் பார்த்து வாங்கிப் பர்ஸில் வைத்தேன். அவர் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

இனி, அந்தப் போன்.

டீச்சருக்கு ரொம்ப வருடமாக ஓர் ஆசை. ரிட்டயர் ஆன மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் போக வேண்டும். எங்கள் பள்ளியில் முதல் மணி அடிப்பது ஒன்பது இருபதுக்கு. "சரியா ஒன்பது இருபதுக்கு நாம ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள இருக்கணும் டீச்சர். மணிச் சத்தம் கேக்காத தூரத்துல" என்பார். மழைக்காலத்தில் பஸ் தாமதமாகி, மூச்சு வாங்க ஓடிவந்து கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு காலையும் இதைச் சொல்லிச் சிரிப்போம். எத்தனை முறை "கட்டாயம் டீச்சர்" என்று சொல்லியிருப்பேன்!

மே 30 வியாழக்கிழமை இரவு அவர் கூப்பிட்டார். "டீச்சர், சனிக்கிழமை காலையில பாபநாசம் போவோமா? நான் கல்லிடையில பஸ் ஏறிக்கிடுதேன். நீங்க அந்த பஸ்லயே வந்துருங்க."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பலூன்காரர் வருவதாக இருந்தது. ஹாலைத் திறந்துவிட நான் இருக்க வேண்டும். விழா மாலை ஆறு மணிக்குத்தான். மனசு வைத்திருந்தால் சாவியை என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போய், மதியத்துக்குள் திரும்பியிருக்கலாம். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் அந்தத் தங்க நிற எண்கள் மட்டும்தான் நின்றன. "ஐயோ டீச்சர், சனிக்கிழமை என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. காலையிலிருந்தே வேலை. நீங்களும் சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரணும், கார் அனுப்புறேன்" என்றேன். அவரை ஹாலுக்கு வரவழைக்க நான் முன்பே யோசித்து வைத்திருந்த பொய் அது.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி டீச்சர், வாரேன்" என்றார்.

டீச்சர் வளைகாப்புகளுக்குப் போவதில்லை. தம்பி பெண்டாட்டிகளின் வளைகாப்பில்கூடச் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை என்று எனக்குத் தெரியும். தாலி இல்லாத பெண் வளையல் போட முன்னால் வரலாமா என்று முகத்துக்கு நேரே கேட்கிற மனிதர்கள் நம் சொந்தங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள். அவருக்கு அந்தக் கேள்வி எத்தனை முறை கிடைத்ததோ. வேறு எந்தப் பொய்யையும் சொல்லியிருக்கலாம். எனக்காக என்றால் எங்கேயும் வருவார் என்று தெரிந்ததால், பொய்யைத் தேர்ந்தெடுப்பதில் நான் கவனம் வைக்கவில்லை.

ஆறு மணிக்கு வரச் சொன்னவர் ஐந்தே காலுக்கே வந்துவிட்டார், வேலைக்கு ஒத்தாசையாக இருக்குமே என்று. கார் டிரைவர் போன் பண்ணியதும் பதறிப்போய் விளக்குகளை அணைக்கச் சொன்னேன். கதவு திறந்தது. பழைய நூல் சேலை, ஒரு கையில் அம்மாவின் கை, இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். விளக்கு எரிந்தது. நாற்பது பேர் ஒரே குரலில் கத்தினோம், காகிதத் துண்டுகள் வெடித்துப் பறந்தன. டீச்சர் தூக்கிவாரிப்போட்டு நின்றார். பொட்டலம் நழுவித் தரையில் விழுந்தது.

உள்ளே கண்ணாடி வளையல்கள். பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன்.

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சட்டென்று குனிந்து, உடைந்தது எது உடையாதது எது என்று பொறுக்கத் தொடங்கினார். "அய்யோ, புள்ளத்தாச்சிக்கு வாங்குனதுல்லா..." என்றார். வளைகாப்பு வீட்டில் வளையல் உடைந்துவிட்டதே என்ற பயம் முகம் முழுக்க. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பொண்ணு எங்க டீச்சர்?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடியோவில் அது பதிவாகியிருக்கிறது.

விஷயம் புரிந்ததும் டீச்சரும் சிரித்தார். எல்லார் கையையும் பிடித்துப் பேசினார். பொன்னாடை போர்த்தினோம்; இரண்டு நிமிடத்தில் அதை எடுத்து, ஏசி குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அம்மாவின் காலைச் சுற்றிப் போர்த்திவிட்டார். போட்டோக்காரர் அதைத் திரும்பத் தோளில் போடச் சொன்னார். "பெறவு போட்டுக்கிடுதேன் தம்பி" என்றார்.

கேக் வெட்டுவதற்கு முன்னால், மைக் பிடித்த பெண் அம்மாவிடம் போய் மண்டியிட்டு உட்கார்ந்தது. கலகலப்பான பெண். "பாட்டி, அறுபது வருஷத்துக்கு முன்னால இதே நாள், இதே ஜூன் ஒண்ணு, உங்க பொண்ணு பொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று மைக்கை நீட்டியது.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், நினைவு நல்ல தெளிவு. "இன்னைக்கா?" என்றார். "இன்னைக்கு இல்லியே தாயி. இவ ஐப்பசியிலல்லா பொறந்தா."

ஹாலில் சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே, "அப்போ ஜூன் ஒண்ணு?" என்றது.

"அது பள்ளிக்கூடத்துல எழுதுனது. வாத்தியாரு தலைக்கு மேல கையச் சுத்திக் காதத் தொடச் சொன்னாவொ. தொட்டுட்டா. அஞ்சு வயசு ஆவலியேன்னேன். பரவால்ல, ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிடுதேன்னாவொ. நான் கைநாட்டு வச்சிட்டு வந்தேன்." அம்மா மைக்கை இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஐப்பசி ரோகிணி. அன்னைக்கு அடைமழ. கூரை ஒழுகுது, மருத்துவச்சி சாக்கப் போத்திக்கிட்டு வாரா. இன்னமும் வருசா வருசம் அன்னைக்கு உளுந்தம்பருப்புச் சோறு ஆக்கிருவேன். எள்ளுத் தொவையல் அரைச்சு, டப்பால வச்சுக் குடுத்துவிடுவேன்." கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினார். "இந்தா நிக்காவள்ளா, இந்த டீச்சரம்மாவுக்கும் சேத்துத்தான்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது இனிப்பான ஒரு செய்தி.

நான் நின்ற இடத்தில் நின்றேன். முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சோற்றின் வாசனை. தோல் உளுந்தும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்து வெந்து, மேலே தேங்காய்த் துருவல் போட்டு இறக்கிய வாசனை. பிறகு அந்த எவர்சில்வர் டப்பா, இரண்டடுக்கு, மேலடுக்கில் கறுப்பாக மின்னும் எள்ளுத் துவையல். மூடியைத் திறந்து முதலில் என் தட்டில்தான் வைப்பார். மழைக்கு ஜன்னல் சாத்திய ஆசிரியர் அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில். ஏன் எப்போதும் மழையாக இருந்தது? ஐப்பசி என்பதால். ஒரே ஒரு முறை, வந்த புதிதில், "என்ன விசேஷம் டீச்சர்?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "அம்மா ஆக்குனாவொ" என்றார். நான் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. 1995இலிருந்து 2023வரை, இருபத்தொன்பது ஐப்பசி. இருபத்தொன்பது பிறந்தநாள் விருந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் வாழ்த்துச் சொன்னதில்லை.

எனக்குத் தெரியாத சங்கதியா இது? ஒவ்வொரு ஜூனிலும் சேர்க்கைப் பதிவேட்டை எழுதுகிறவள் நான். எங்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் பக்கம் பக்கமாக மே, ஜூன் தேதிகள்தான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969இல். டீச்சர் பள்ளிக்கூடம் போனதும் அந்த வருடம்தான். அதற்கு முன்னால் கிராமத்தில் வீட்டுப் பிரசவத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்தக் காகிதம் இருந்தது? அம்மாவின் நினைவும் நட்சத்திரமும்தான் இருந்தன. பதிவேட்டுக்கு நட்சத்திரம் ஆகாது, தேதி வேண்டும். என் அப்பா குமாஸ்தா. நான் பிறந்தது ஆஸ்பத்திரியில், தேதியும் நேரமும் அப்பாவின் டைரியில். என் தேதி சரியான தேதி என்பதால் எல்லார் தேதியும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ஜூன் ஒன்று சில வருடம் விடுமுறைக்குள் வரும், சில வருடம் பள்ளி திறக்கிற நாளின் ரகளையில் வரும். ஆசிரியர் அறையில் அவருக்கு ஒரு முறைகூட யாரும் கேக் வெட்டியதில்லை. அவர் ஏன் அதைப் பற்றி வருத்தப்படவே இல்லை என்றுகூட நான் யோசிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் அம்மாவிடமிருந்து மைக்கை மெதுவாக வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. நான் சங்கடப்படுகிறேனோ என்ற கவலைதான் இருந்தது. "அதனால என்ன, இன்னைக்கும் வச்சுக்கிடுவோம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினார். முதல் துண்டை எனக்கு ஊட்டினார். போட்டோ நன்றாக வந்திருக்கிறது.

கிளம்பும்போது, "நாளைக்குப் பாபநாசம் போவோமா டீச்சர்?" என்று கேட்டார். ஹாலைக் காலி செய்ய வேண்டும், சாப்பாட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன். அத்தனையும் தெரிந்த பிறகும் அப்படிச் சொன்னேன். இந்த எல்லாவற்றிலும் என்னால் ஆறவே முடியாதது அதுதான்.

அடுத்த வாரம் வரவில்லை. ஜூன் 10 பள்ளி திறந்தது. சேர்க்கை, பாடப்புத்தகம், சீருடை அளவு. போனில் பேசினோம், நலம் விசாரித்துக்கொண்டோம். முன்பு அவர் கூப்பிட்டால் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதில் தொடங்கி முக்கால் மணி நேரம் ஓடும். இப்போது ஐந்து நிமிடத்தில் "சரி டீச்சர், வேலை கிடக்கும் உங்களுக்கு" என்று அவரே முடித்தார். கோபம் இல்லை. என் நேரத்தைக் கேட்கக் கூடாது என்று தனக்குள் தீர்மானித்துவிட்ட மாதிரி இருந்தது. வீடியோவை அனுப்பிவைத்தேன். "பார்த்தேன், நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. நான் அதை ஒரு முறை பார்த்தேன். வளையல் பொறுக்குகிற இடத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஜூலையில் அந்த இளம் டீச்சருக்கு 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். கையில் திணித்தேன்.

ஐப்பசி வந்தது. தினசரிக் காலண்டரில் ரோகிணி எந்தத் தாளில் என்று முன்கூட்டியே பார்த்து மடக்கி வைத்திருந்தேன். என்ன வாங்கிப்போவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பட்டுச் சேலை, வெள்ளிக் குத்துவிளக்கு என்று மனசு பழையபடி ஓட ஆரம்பித்தது. கடைசியில் கால் கிலோ எள் மட்டும் வாங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

டீச்சர் அடுப்படியில் இருந்தார். உளுந்து வெந்துகொண்டிருந்தது. அம்மாவால் இப்போது நின்று சமைக்க முடியவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து உப்பும் வெந்தயமும் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டீச்சர் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். குரல் சரியாக வரவில்லை. "வாங்க டீச்சர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினார்.

எள்ளை வறுத்து அம்மியில் நான் அரைத்தேன். ரொம்ப நாள் கழித்து அம்மியில் அரைக்கிறேன், தோள்பட்டை வலித்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளியே தூறல்.

"மழை விட்டதும் ஒரு நாள் பாபநாசம் போவோம் டீச்சர், நான் லீவு போடுறேன்" என்றேன்.

"நான் அப்பவே போயிட்டு வந்துட்டேன் டீச்சர். அந்தத் திங்கக்கிழமை. தனியாத்தான்." சோற்றில் துவையலைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சரியா ஒன்பது இருபதுக்குத் தண்ணிக்குள்ள நின்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

"தண்ணி நல்லா குளுந்து கெடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களத் தேடுச்சு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

அம்மாதான் பேச்சை மாற்றினார். "ஏம்மா டீச்சரம்மா, ஒனக்கு நச்சத்திரம் என்ன? ஒனக்கு அறுவது எப்ப வருது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் மகளைப் பார்த்து, "கேட்டு எழுதி வச்சுக்கோ. இல்லன்னா மறந்துபோவும்" என்றார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் டீச்சர். "பங்குனி அஸ்தம்."

நான் அதை அவரிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவே இல்லை.